கூலியைச் சொல்லி வேலை வாங்குவோம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

புகழனைத்தும் அகிலத்தாரின் இரட்சகனாகிய அல்லாஹு தஆலாவுக்கே உரியது. அவனுடைய திருத்தூதர் நபிகள் நாயகம் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் யாவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

இம்முறை நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. நம் கடைக் கல்லாவையும், கல்லாவுக்கு அப்பால் நின்று நமக்காக உழைக்கும் பையனையும் பற்றியது. இதற்கும் மார்க்கத்திற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் எண்ண வேண்டாம். தொழுகையில் குறை வைத்தவன் அல்லாஹ்விடம் அழுது மன்னிப்புப் பெறலாம். பிறனுடைய கூலியில் குறை வைத்தவனோ அந்தப் பிறனிடமே போய் நிற்க வேண்டும். அடியானுடைய ஹக்கை அடியானே மன்னிக்க வேண்டும் என்பது நாமெல்லாரும் சிறு பிராயத்திலேயே மதரஸாவில் ஓதிய பாடமன்றோ!

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. நமது நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்துக்கு 2022 மார்ச்சில் நாடாளுமன்றம் பெரியதொரு திருத்தத்தை நிறைவேற்றியது. அது அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதியே அமலுக்கு வருவதாக இருந்து, முதலாளிமார் தயாராகவில்லை என்ற முறையீட்டினால் தள்ளிவைக்கப்பட்டு, 2023 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் குறைந்தபட்சச் சம்பளமும் உயர்ந்தது. சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும் நம்மவர் நான்கு பேர் கூடும் இடத்திலெல்லாம் இதே பேச்சுத்தான். “இது பெரிய கம்பெனிக்காரர்களுக்கு உள்ள சட்டம், நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்கு ஏது?” என்று சிலர் கேட்கிறார்கள். “நம்மிடம் இருப்பது நம் ஊர்ப் பிள்ளைகள். பிள்ளைகளுக்குச் சட்டம் எதற்கு?” என்று வேறு சிலர் கேட்கிறார்கள். முதல் கேள்விக்குப் பதில் எளிது: சட்டம் கம்பெனிக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என்று பிரிக்கவில்லை. இரண்டாவது கேள்விதான் நம்மைச் சிந்திக்க வைத்தது. அதற்காகவே இதை எழுதுகிறோம்.

நம் பெரியவர்களின் பற்று வரவுப் புத்தகம்

நம் முன்னோர் கடாரம் என்று அழைத்த இந்தக் கெடா மண்ணில் நம்மவர் கடை விரித்தது நெல் வயலை நம்பி மட்டுமன்று. பால்மரத் தோட்டத்தையும் நம்பியே. 1909-ல் சயாமின் மேலாண்மை நீங்கி ஆங்கிலேயர் கைக்கு இந்நாடு வந்தபின், நடுக் கெடாவிலும் தென் கெடாவிலும் காடு அழிந்து ரப்பர் எழுந்தது. பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய், பாலிங் என்று தோட்டங்களைச் சுற்றிப் பட்டணங்கள் வளர்ந்தன. தோட்டத்தில் பால் வெட்டியவர்கள் நம் தமிழ்ச் சகோதரர்கள். பட்டணத்திலே அரிசியும் துணியும் விற்றவர்களிலே நம் பெரியவர்களும் இருந்தார்கள். சைக்கிளின் பின்னால் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு லயம் லயமாகப் போய்க் கடனுக்குக் கொடுத்து, சம்பள நாளன்று வாசலில் நின்று வசூலித்த வியாபாரம் அது.

அந்தக் கடன் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். தோட்டத்துக் கூலியின் நிலையை அரசாங்க அறிக்கையைவிட அந்தப் புத்தகமே தெளிவாகச் சொல்லும். மழை பெய்தால் மரத்தில் ஈரம், ஈரமிருந்தால் வெட்டில்லை, வெட்டில்லாத நாளுக்குக் கூலியும் உறுதியில்லை. இலையுதிர் காலத்தில் பால் குறையும். பால் குறைந்தால் கை குறையும். உலகச் சந்தையில் ரப்பர் விலை விழுந்தால் இங்கே அடுப்பு அணையும். ஒரு குடும்பத்தின் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தே அந்த மாதம் எத்தனை நாள் மழை பெய்தது என்று சொல்லிவிடலாம். மழை மாதத்திலே பற்று நீளும், வரவு சுருங்கும். அடுத்த மாதச் சம்பளம் வருமுன்பே அது கடனில் போயிருக்கும். 1930 முதல் 1932 வரை உலகெங்கும் வியாபாரம் முடங்கியபோது பல்லாயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர் வேலையிழந்து தமிழ்நாட்டுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். அவர்களுடைய பக்கங்கள் தீர்க்கப்படாமலே நின்றுபோயின.

அந்த ஏழைகள் சோம்பேறிகளல்லர். விடியுமுன் பிரட்டுக்குப் போய் நின்றவர்கள் அவர்கள். அவர்களுக்கு இல்லாதிருந்தது உழைப்பன்று. நாளைக்கு வேலை உண்டா, மாத முடிவில் கையில் என்ன வரும் என்ற நிச்சயமே இல்லாதிருந்தது. நிச்சயமில்லாத கூலி மனிதனைக் கடனாளியாக்கும். கடன் அவனை அடிமையாக்கும். இதை நம் பெரியவர்கள் கண்ணால் கண்டார்கள். உண்மையைச் சொல்வதானால், நம்மவரில் சிலர் அந்தக் கடனாலேயே கூடுதல் விலை வைத்து லாபமும் கண்டார்கள். அல்லாஹ் அவர்களை மன்னிப்பானாக!

சட்டம் வந்த வழி

அந்த நிச்சயமின்மையை ஒழிக்கவே ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. இந்தியத் தொழிலாளரைச் சஞ்சியில் கட்டி அழைத்து வரும் முறை 1910-ல் நிறுத்தப்பட்டது. கங்காணி வழியே உதவி பெற்று ஆள் வருவதை 1938-ல் இந்திய அரசாங்கம் தடுத்தது. யுத்தத்திற்குப் பின் தொழிலாளர்கள் தாங்களே விழித்தெழுந்தார்கள். 1947-ல் பீடோங் வட்டாரத்துத் தோட்டங்களிலே தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளம்பியதும், போலீசாரோடு மோதல் ஏற்பட்டு உயிர்ச்சேதம் வரை போனதும் இந்நாட்டுச் சரித்திரம். கள்ளை ஹராமென்று நாம் மிம்பரிலே சொன்னோம். அவர்களோ, கூலி நாளிலே பிள்ளையின் சோறு கள்ளுக்கடைக்குப் போகிறதே என்று வயிறெரிந்து எழுந்தார்கள். 1954-ல் தோட்டத் தொழிலாளர்களின் தேசியச் சங்கம் அமைந்தது. மெர்டேக்காவுக்கு மூன்று மாதம் முன்பாக, 1957 ஜூன் முதல் தேதி, 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அமலாயிற்று. 2013 ஜனவரியிலே நாட்டில் முதன்முதலாகக் குறைந்தபட்சச் சம்பளம் வந்தது. தீபகற்பத்தில் அது மாதம் 900 வெள்ளி. இன்று அது 1,700 வெள்ளி. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு 2025 பிப்ரவரி முதலும், அதற்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் சிறு கடைகளுக்கு 2025 ஆகஸ்டு முதலும் இந்தத் தொகை பொருந்துகிறது.

இன்று நம் கெடாவில் எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடுகளாகவும் தொழிற்சாலைகளாகவும் ஆகிவிட்டன. லயங்களும் பிரட்டுக்களமும் மறைந்துவருகின்றன. ஆனால், மாத முடிவில் கையில் என்ன வரும் என்று தெரியாமல் உழைக்கும் மனிதன் மறையவில்லை. அவனைத் தேடித் தோட்டத்துக்குப் போக வேண்டியதில்லை. சகோதரர்களே, அவன் நம் கடையிலேயே இருக்கிறான்.

மத்யனில் நடந்த ஒப்பந்தம்

திருமறையிலே அல்-கஸஸ் அத்தியாயத்தில் ஒரு வரலாறு வருகிறது. மிஸ்ரிலிருந்து உயிருக்குத் தப்பி ஓடிய ஹஜ்ரத் மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரை அடைகிறார்கள். கையில் காசில்லை; ஊரில் உறவில்லை. கிணற்றடியில் ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துவிட்டு, நிழலில் ஒதுங்கி இறைவனிடம் கையேந்துகிறார்கள். அப்பெண்களின் வயோதிகத் தகப்பனார் அவர்களை அழைத்து வரச் செய்கிறார். அவர் ஹஜ்ரத் ஷுஐப் (அலை) அவர்களே என்று விரிவுரையாளர் பலர் கூறுவர். வலிமையும் நாணயமும் உள்ளவரே வேலைக்கு அமர்த்தச் சிறந்தவர் என்று மகள் எடுத்துச் சொல்ல, தகப்பனார் வேலை பேசுகிறார்.

அவர் எப்படிப் பேசினார் என்பதைக் கவனியுங்கள். எட்டு ஆண்டு வேலை என்று காலத்தைச் சொன்னார். பத்தாகப் பூர்த்தி செய்தால் அது உம் விருப்பம் என்று, கட்டாயம் எது, விருப்பம் எது எனப் பிரித்துச் சொன்னார். அதற்கு ஈடாகத் தாம் தருவது இன்னதென்று சொன்னார். உமக்குச் சிரமம் கொடுக்க நான் நாடவில்லை என்றும் சொன்னார். மூஸா (அலை) அவர்களோ, இரு தவணையில் எதை நிறைவேற்றினாலும் தம்மீது வரம்பு மீறல் கூடாது என்று உறுதி செய்துகொண்டு, இந்தப் பேச்சுக்கு அல்லாஹ்வையே சாட்சியாக்கினார்கள்.

இதிலே நாம் அறிய வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. எதிரே நின்றவர் அந்நியராய் இருக்கலாம்; ஆனால் பேசப்பட்டதோ மகளை மணமுடித்துக் கொடுக்கும் பேச்சு. வேலைக்காரர் மருமகனாகப் போகிறார். குடும்பமாகவே ஆகப் போகிறவரிடமும் காலம் இன்னது, கூலி இன்னது, கடமை இன்னது என்று அப்பெரியவர் தெளிவுபடுத்தினார். நம்ம மருமகன்தானே, பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் விடவில்லை. உறவு இருக்கும் இடத்திலே கணக்கு வேண்டாம் என்பது நம் வழக்கம். உறவு நீடிக்க வேண்டுமானால் கணக்கு முதலில் தெளிவாக வேண்டும் என்பது மத்யன் தரும் பாடம்.

மார்க்கச் சட்டமும் இதையே சொல்கிறது. நம்மில் ஷாஃபிஈ மத்ஹபினரும் உண்டு, ஹனஃபீ மத்ஹபினரும் உண்டு. கூலி இன்னதென்று இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் இரு மத்ஹபும் ஒன்றே. ஆளை வேலைக்கு அமர்த்துவோர் அவனுடைய கூலியை முன்னதாக அவனுக்கு அறிவித்துவிட வேண்டும் என்ற போதனை அபூசயீத் அல்-குத்ரீ (ரலி) அவர்கள் வாயிலாக நமக்கு வந்திருக்கிறது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிமொழியை இப்னு மாஜாவில் காண்கிறோம். வேலையை முழுதும் வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராகக் கியாமத் நாளில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுவதாய் வரும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. சகோதரர்களே! அந்த வழக்கிலே நமக்கு வக்கீல் யார்?

ஒரு பஞ்சாயத்து

சில ஆண்டுகளுக்கு முன் நம் முன்னே ஒரு வழக்கு வந்தது. இரு தரப்பின் பெயரும் இங்கே அவசியமில்லை. முதலாளி ஐவேளைத் தொழுகையாளி. ஜகாத்தைக் கணக்கிட்டுக் கொடுப்பவர். பையன் இராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளை. மூன்று வருஷத்திற்கு முன் அவரே விசா எடுத்து அழைத்து வந்தவன். இருவரும் ஒரே சஹனில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். ஊரில் தாயாருக்கு உடம்புக்கு ஆகவில்லை, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சேதி வந்தது. பையன் தன் பணத்தைக் கேட்டான். முதலாளியிடம் பணமில்லை. ஹரிராயாவுக்காக எல்லாவற்றையும் சரக்கிலே போட்டிருந்தார்.

“சம்பளம் எவ்வளவென்று பேசினீர்கள்?” என்று கேட்டோம்.

“பேசலே ஹஜ்ரத். நம்ம புள்ளதானே! செலவுக்கு அப்பப்போ கொடுத்தேன். சபர் முடிஞ்சு போறப்போ மொத்தமாக் கொடுத்து, தங்கச்சி கல்யாணத்துக்கும் செய்யணும்னுதான் என் நிய்யத்து” என்றார்.

பையனைக் கேட்டோம். அவன் தலையைத் தூக்காமலே, “மாமா சாப்பாட்டுக்கு ஒரு குறையும் வைக்கலே. ஆனா என் கணக்கு என்னன்னு எனக்கே தெரியாது. உம்மா கேக்கறப்பல்லாம் என்ன சொல்றதுன்னும் தெரியாது” என்றான்.

முதலாளி ஒரு தொகை சொன்னார். பையன் மனத்தில் இருந்ததோ வேறு தொகை. அவன் வாங்கிய கைச்செலவை அவர் ஒரு விதமாக நினைவில் வைத்திருந்தார். அவன் வேறு விதமாக. இருவரும் அல்லாஹ்மீது ஆணையிடத் தயாராக இருந்தனர். இருவரும் பொய்யரல்லர். எழுதி வைக்காத ஒரே குற்றத்தினால் இரண்டு நாணயஸ்தர்கள் எதிரிகளாக நின்றார்கள். கடனைச் சிறிதானாலும் பெரிதானாலும் எழுதிக்கொள்ளுங்கள், எழுத அலுத்துக்கொள்ளாதீர்கள், சந்தேகம் எழாதிருக்க அதுவே நெருங்கிய வழி என்று அல்-பகரா அத்தியாயத்தின் மிக நீண்ட வசனம் நமக்குப் போதித்தது ஏன் என்பது அன்று நமக்கு விளங்கிற்று. மாதம் முடிந்தும் கொடுபடாத கூலி கடன்தானே!

பேசி முடித்து, முதலாளி வெளியில் கைமாற்று வாங்கிப் பணத்தைக் கொடுத்தார். பையன் ஊர் போய்ச் சேர்ந்தான். அவன் போய்ச் சேர்ந்தது தாயாரின் நாற்பதாம் ஃபாத்திஹாவுக்கு. ஹயாத்தும் மவுத்தும் அல்லாஹ்வின் கையில்; ஆகவே முதலாளிமீது பழி சுமத்த நமக்கு உரிமையில்லை. ஆனால் அவரே நம்மிடம் வந்து அழுதார். “நான் அவனுக்குக் கெடுதல் நினைக்கலே” என்றார். அது உண்மை. நல்ல எண்ணம் இருந்தது. மாதச் சம்பளம் இல்லை. நல்ல எண்ணத்தைத் தாயாருக்கு மணியார்டர் செய்ய முடியாது.

குகையில் அடைபட்டவரின் நியாயம்

“பையன் பணத்தை நான் தின்னவில்லை, கடையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன்” என்று சொல்வோர் நம்மில் உண்டு. இவர்களுக்காகவே போல ஒரு ஹதீஸ் இருக்கிறது. குகையில் ஒதுங்கிய மூவரைப் பாறை உருண்டு அடைத்துக்கொண்டது. ஒவ்வொருவரும் தாம் அல்லாஹ்வுக்காகச் செய்த ஓர் அமலைச் சொல்லித் துஆ கேட்க, பாறை சிறிது சிறிதாக விலகியது. அவர்களில் ஒருவர் முன்பு ஓர் ஆளை வேலைக்கு அமர்த்தியவர். கூலியாகப் பேசியது ஓர் அளவு தானியம். அரிசி என்று ஓர் அறிவிப்பில் வருகிறது. நெற்களஞ்சியமாகிய கெடாவிலே வாழும் நமக்கு அது எவ்வளவு சொற்பம் என்று தெரியும். ஆள் அதை வாங்காமலே போய்விட்டான். இவர் அதை விதைத்துப் பெருக்கினார். அது ஆடுமாடுகளாகப் பெருகிற்று. பல காலம் கழித்து அவன் வந்து தன் கூலியைக் கேட்டபோது, அதோ தெரியும் மந்தை முழுதும் உன்னுடையதே என்று ஒன்றையும் பிடித்துக்கொள்ளாமல் கொடுத்துவிட்டார்.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று: அவர் கூலியை நிறுத்தி வைக்கவில்லை, ஆள்தான் வாங்காமல் போனான். இரண்டு: அந்தக் கூலியிலிருந்து விளைந்த லாபமெல்லாம் உழைத்தவனுக்கே போயிற்று. இப்போது நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். மூன்று வருஷம் பையனுடைய சம்பளத்தை முதலாக வைத்து நாம் சரக்கு வாங்கி விற்றோமே, அந்த லாபத்தில் அவனுக்குப் பங்கு கொடுத்தோமா? கொடுக்கவில்லையென்றால் அவன் வேலைக்காரன் மட்டுமல்ல. நமக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்தவன். அதுவும் அவனைக் கேட்காமலே எடுத்துக்கொண்ட கடன். அமானிதம் என்று பெயர் வைத்தால் மட்டும் அது அமானிதமாகிவிடாது. உரியவன் கேட்ட நேரத்தில் எடுத்துக்கொடுக்க முடிந்தால்தான் அமானிதம்.

சட்டம் கேட்பது என்ன?

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். ஒரு மாதத்திற்கு மேற்பட்ட வேலையானால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். சம்பளக் கணக்கு ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது. மாதம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் கைக்குப் போக வேண்டும். வாரத்துக்கு வேலை நேரம் முன்பு 48 மணி. 2023 முதல் 45 மணி. ஐந்து மணி நேரம் தொடர்ந்து உழைத்தால் அரை மணி ஓய்வு. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை. மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளக்காரருக்கு, மிகை நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி. பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. வேலையை விட்டு நிறுத்துவதானால், வேறு ஏற்பாடு எழுதப்படாத இடத்தில், இரண்டு வருஷத்துக்குக் குறைந்தவருக்கு நான்கு வாரம், ஐந்து வருஷம் வரை ஆறு வாரம், அதற்கு மேல் எட்டு வாரம் முன்னறிவிப்பு. மிரட்டியோ ஏமாற்றியோ வேலை வாங்கி, ஆளை வெளியேற விடாமல் வைத்திருப்பது இப்போது தனிக் குற்றம். வெளிநாட்டுத் தொழிலாளரின் லெவியை 2018 ஜனவரி முதல் முதலாளியே கட்ட வேண்டும். 2025 அக்டோபர் மாதச் சம்பளத்திலிருந்து அவர்களுக்கும் சேமநிதியில் இரு தரப்பும் நூற்றுக்கு இரண்டு செலுத்த வேண்டும். பிறருடைய பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம்.

இவற்றைக் கேட்டு மலைக்க வேண்டாம். மத்யன் பெரியவர் சொன்னவற்றோடு ஒத்திட்டுப் பாருங்கள். காலம் இன்னது, கூலி இன்னது, கட்டாயம் எது, விருப்பம் எது, சிரமம் கொடாமை. சட்டப் புத்தகம் பல பக்கத்தில் சொல்வது இந்த நான்கைந்து சொற்களின் விரிவேயாகும்.

உலகமும் இதே வழியில்தான் போகிறது. ஐரோப்பிய நாடுகளின் ஒன்றியம் 2019 ஜூனில் ஓர் உத்தரவு பிறப்பித்தது. வேலையில் சேர்ந்த ஏழு நாளுக்குள் சம்பளம், நேரம் முதலிய முக்கிய விவரங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும். வேலை நேரம் மாறுவதானால் நியாயமான அவகாசம் கொடுத்துச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் பட்டினி என்ற நிலையில் அங்கும் மக்கள் தவித்ததாலேயே இது வந்தது. அது நம் பழைய பிரட்டுக்களத்தின் மழை நாளன்றி வேறென்ன? நம் நாட்டிலும் 2025 ஆகஸ்டு 28-ல் மக்களவை தற்சார்புப் பணியாளர்களுக்கான மசோதாவை நிறைவேற்றியது; செப்டம்பரில் மேலவையும் ஏற்றது. நம் உணவகங்களின் வாசலிலே பொட்டலத்துக்காக மோட்டார் சைக்கிளோடு காத்து நிற்கும் இளைஞர்களுக்கும் எழுத்தில் ஒப்பந்தம், விபத்துக் காப்பு, முறையிட ஒரு மன்றம் என்று அது வகை செய்கிறது. அவர்களிலே எத்தனை பேர் நம் பெரியவர்களிடம் கடனுக்கு அரிசி வாங்கிய தோட்டத்துக் குடும்பங்களின் பேரப் பிள்ளைகளோ!

நம்மவரின் முறையீடு

வியாபாரிகளின் கஷ்டம் நமக்குத் தெரியாததன்று. ஆள் கிடைக்கவில்லை, பெர்மிட்டுக்கு அலைய வேண்டியிருக்கிறது, வாடகை ஏறுகிறது, ரொட்டியின் விலையைப் பத்துக் காசு ஏற்றினாலும் வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார். பெரிய கம்பெனிக்குக் கணக்கர் இருக்கிறார். நமக்கோ கல்லாவும் நாமே, கணக்கும் நாமே. இதெல்லாம் உண்மை. இவற்றை அரசாங்கத்திடம் எடுத்துச் சொல்வது நம் சங்கங்களின் கடமை. சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. வாடகை ஏறும்போது கட்டிடக்காரனிடம், பின்னால் மொத்தமாகத் தருகிறேன் என்று நாம் சொல்வதில்லை. சொன்னால் அவன் விடமாட்டான். மொத்த வியாபாரியிடமும் சொல்வதில்லை. பையனிடம் மட்டும் சொல்கிறோம். ஏன்? அவனுக்குப் போக்கிடமில்லை. பலவீனனிடம் மட்டும் தவணை கேட்பது வியாபார நெருக்கடியன்று; அது அநீதி. அளவையில் குறைப்போருக்குக் கேடுதான் என்று திருமறை எச்சரிக்கிறது. வாங்கும்போது நிறைத்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவரே அவர்கள் என்று அதுவே விளக்கமும் தருகிறது. பையனுடைய பன்னிரண்டு மணி நேரத்தை நிறைத்து வாங்கி, எட்டு மணிக் கூலியைக் கொடுப்பதும் ஒரு குறைத் தராசுதான்.

வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக உள்ள மாநிலம் நம் கெடா. ஜும்ஆவுக்கு ஒரு மணி நேரம் கடையை அடைக்கிறோம், நல்லது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தையே பையனுக்கு வாராந்தர விடுமுறையாகக் கணக்கிடும் கடைகளும் இருப்பதை நாம் அறிவோம். தொழுகை அல்லாஹ்வின் ஹக். ஓய்வு அவனுடைய உடம்பின் ஹக். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைக் கழித்துக்கொள்ள நமக்கு அதிகாரமில்லை.

செய்ய வேண்டியது

ஆகவே, இந்த வாரமே ஒவ்வொருவரும் ஒரு தாளை எடுங்கள். நம் கடையில் உள்ள ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு தாள். அதில் தமிழிலேயே எழுதுங்கள்: சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் கிடைக்கும், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை வேலை, வாரத்தில் எந்த நாள் விடுமுறை, மிகை நேரத்துக்கு என்ன கூலி, சாப்பாட்டுக்கும் தங்கும் இடத்துக்கும் பிடித்தம் உண்டா, இல்லையா, உண்டென்றால் அது சட்டம் அனுமதித்ததா, ஊருக்குப் போய்வர விடுப்பு எப்போது. இரண்டு பிரதி எழுதிக் கையெழுத்திட்டு, ஒன்றை அவன் கையில் கொடுங்கள். சம்பளத்தை மாதாமாதம் அவன் பெயரில் உள்ள பாங்கிக் கணக்கில் போடுங்கள். சேமிக்க வேண்டுமா, தாய்க்கு அனுப்ப வேண்டுமா என்பதை அவனே முடிவு செய்யட்டும். வாங்கி வைத்திருக்கும் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுங்கள். பழைய பாக்கி இருந்தால் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். ஒரேயடியாகக் கொடுக்க முடியாவிட்டால், இன்ன மாதம் இவ்வளவு என்று அதையும் எழுதிக் கொடுங்கள்.

ஒரே சஹனில் சாப்பிடுவதை விட்டுவிடச் சொல்லவில்லை; அது நம் சமுதாயத்தின் அழகு. வேலையாட்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதையே அவர்களுக்கு உண்ணக் கொடுங்கள், தாங்காத சுமையை ஏற்றாதீர்கள், ஏற்றினால் கூட நின்று உதவுங்கள் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. சஹனும் இருக்கட்டும், தாளும் இருக்கட்டும். கல்யாணத்துக்கு உதவ எண்ணியிருந்தால் உதவுங்கள். அது உங்கள் ஸதகா. கூலியோ ஸதகாவன்று. கூலியைக் கொடுத்த பிறகே ஸதகாவுக்கு அர்த்தம் உண்டு.

நம் பெரியவர்கள் அயலார் தோட்டத்தின் வாசலில் நின்று, நிச்சயமில்லாத கூலி ஒரு குடும்பத்தை என்ன செய்கிறது என்பதைக் கடன் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். நாம் நம் கடை வாசலுக்குள்ளே அதே பக்கத்தை மீண்டும் எழுதலாகாது. மறுமையில் நம் வலது கையில் கொடுக்கப்பட வேண்டிய ஏடு ஒன்று இருக்கிறது. அதில் இந்தப் பையன்களின் பற்றும் வரவும் சரியாக இருக்க வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் வியாபாரத்தில் பரக்கத்தைத் தருவாயாக. எங்கள் தராசை நேராக்குவாயாக. எங்களை நம்பிக் கடல் கடந்து வந்தவர்களின் ஹக்கை எங்கள் கழுத்தில் தொங்கவிட்டு எங்களை மவுத்தாக்காதிருப்பாயாக. எங்களையும், எங்களுக்காக உழைப்பவர்களையும், அவர்களை எதிர்பார்த்து ஊரில் காத்திருக்கும் தாய் தந்தையரையும் உன் கிருபையால் காப்பாயாக. ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!

வஸ்ஸலாம்.